உப்புப் பார்க்க ஆளில்லாத கஞ்சி

1

அப்பா இறந்து ஓராண்டு நிறைய மூன்று வாரம் இருக்கும்போது, கொடைக்கானலில் இருந்து அண்ணன் நினைவு அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இங்கே ஹனோவரில் அப்போது காலை ஆறே கால். மருத்துவமனைக்குக் கிளம்பிய நான் ஒரு காலில் மட்டும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அட்டையில் அப்பா நன்றாக இருந்தார், மிஷன் பள்ளியில் எழுத்தராக இருந்த காலத்துப் படம். கீழே பிள்ளைகள் பெயர், மருமக்கள் பெயர், பேரப்பிள்ளைகள் பெயர். பேரப்பிள்ளைகள் வரிசையில் அண்ணனின் பையன்கள் இருவர். மூன்றாவதாக 'ஜெமி'.

எங்கள் வீட்டில் ஜெமி என்று யாரும் கிடையாது. என் மகள் பெயர் ஜமீலா.

உடனே கூப்பிட்டேன். அச்சகத்துக்காரர் இடம் போதவில்லை என்றாராம். ஜமீலாவுக்கு மூன்றே எழுத்து. ஆரோக்கியராஜ் என்ற தன் பெயருக்கு அதே அட்டையில் அண்ணனுக்குத் தாராளமாக இடம் கிடைத்திருக்கிறது. அதைச் சொன்னதும், கோயில் பங்கில் எல்லோர் கைக்கும் போகிற அட்டை என்றார். அதற்குத்தான் சரியாக அச்சடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்று வழக்கமான பேருந்தைத் தவறவிட்டேன். கோபத்தில் பூட்ஸ் கயிறு ஒழுங்காகக் கட்ட வரவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஸ்டெல்லா, செவிலி. வீட்டுக்காரர் சேவியர் இந்த ஊரில் பேருந்து ஓட்டுகிறார். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஏழு வருடங்களுக்கு முன், முறைப்படி நீதிமன்ற உத்தரவோடு, மலையடிவாரத்து இல்லம் ஒன்றில் இருந்து ஜமீலாவைத் தத்தெடுத்தோம். அவளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் கோப்பில் அவள் பிறப்பைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: கன்னிவாடி, இஸ்லாமியத் தாய், இறந்துவிட்டார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் ஏழு வருடமாக எல்லோரோடும் சண்டை போடுகிறேன்.

2

முதல் சண்டை அரசாங்கத்தோடு. தத்தெடுத்த புதிதில் இளையோர் நல அலுவலகத்தில் இருந்து ஒரு அம்மையார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து குளிர்சாதனப் பெட்டி வரை பார்த்துவிட்டு அறிக்கை எழுதுவார். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: குழந்தையின் பிறப்புப் பண்பாட்டைப் பேண வீட்டில் என்ன செய்கிறீர்கள்? வெள்ளைக்காரப் பெற்றோர் இந்தக் கேள்விக்காகச் சேலை கட்டப் பழகுவார்கள், சப்பாத்தி தேய்ப்பார்கள். எங்களைப் பார்த்ததும் அம்மையாருக்கு அந்தக் கவலையே வரவில்லை. கேட்காமலே 'பெற்றோரும் அதே பண்பாடு' என்று எழுதிவிட்டார்.

அதை அடிக்கச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. அதே நாடுதானே என்றார். ஆமாம். அதே மொழி? ஆமாம். அதே மாவட்டம்? ஆமாம். பிறகு என்ன வேறு என்று பேனாவைக் கீழே வைத்தார். அப்போது எனக்கிருந்த அரைகுறை ஜெர்மனில், அவள் வேறு தெரு என்றேன். கதவு எண் கேட்டார். சேவியர் சிரிப்பை அடக்க முடியாமல் பால்கனிக்குப் போய்விட்டார். கடைசியில் அந்த அம்மையார் பழைய வரியை அடித்துவிட்டு 'குழந்தை வேறு தெரு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓர் அதிகாரி எழுதி இத்தனை சரியான வரியை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூஞ்சிக்கல் கோயில் மணியும் பஜார் பள்ளிவாசல் பாங்கும் எங்கள் வீட்டுக் கூரையில்தான் விழும். அவர்கள் வீட்டு பிரியாணி எங்கள் வீட்டுக்கு வரும், எங்கள் கிறிஸ்துமஸ் கேக் அவர்கள் வீட்டுக்குப் போகும். ஆனால் என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்த காதர் வீட்டு அடுப்படிக்குள் நான் ஒருநாளும் போனதில்லை. சாப்பிடும் முன் என்ன சொல்வார்கள், பிள்ளைக்கு எப்படிப் பேர் வைப்பார்கள், ஒன்றும் தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் மோசம்.

3

ஜமீலா வந்த முதல் மாதம் பேசவே இல்லை. ஒருநாள் சேவியர் குனிந்து அவள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தபோது, "அத்தா, இறுக்குது" என்றாள். நம் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். 'அப்பா' என்று திருத்துவதற்கு நான் வாயைத் திறந்துவிட்டேன். சேவியர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அவ கூப்பிட்டுட்டால்ல. நான் அத்தாதான்."

அன்றிலிருந்து அவர் அத்தா. தமிழ்ச் சங்கத்தில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு பெண்மணி என்னைத் தனியே அழைத்து, பிள்ளை ரெண்டுங்கெட்டானாக வளர்ந்துவிடப் போகிறது, சீக்கிரம் ஞானஸ்நானம் கொடுத்துவிடுங்கள் என்றார். என் பிள்ளைக்கு ரெண்டும் கெடவில்லை, ரெண்டும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வடையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அவளுக்கு நினைவில் இருந்த இன்னொன்று கஞ்சி. நோன்பு மாதத்தில் தூக்குவாளியோடு யாருடனோ வரிசையில் நின்றது, அந்தச் சூடு. பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் காதரைக் கூப்பிட்டு நோன்புக் கஞ்சி எப்படி வைப்பது என்று கேட்டேன். ஐந்து நிமிடம் சிரித்தான். பிறகு எதற்கு என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் வீட்டுக்காரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையாகச் சொன்னான்: பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி, பட்டை, கிராம்பு, புதினா, தேங்காய்ப்பால். "பூண்டு மட்டும் அங்க வாங்காத. அது சும்மா வெள்ளையா உருண்டையா கெடக்கும், ஒரு காரமும் இருக்காது. நம்ம மலைக் கவுஞ்சிப் பூண்டு நான் குடுத்து விடுறேன்" என்றான். இன்றுவரை ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்கள் பெட்டியில் ஒரு பை கவுஞ்சிப் பூண்டு வருகிறது. சுங்கத்தில் பெட்டியைத் திறந்தவர்கள் சட்டென்று மூடிவிடுவார்களாம்.

சில வருடம் நன்றாகப் போயிற்று. பிறகு நோன்பு மாதம் முன்னே நகர்ந்து நகர்ந்து எங்கள் தவக்காலத்துக்குள் வந்து சேர்ந்தது. தவக்காலம் நாற்பது நாளும் நான் கறி தொடமாட்டேன், கறிக்குழம்பு கூட நாக்கில் படாது. புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் நற்கருணை, வாங்கிய பத்து வயதில் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அது. அந்த வருடம் பெரிய புத்திசாலித்தனம் செய்வதாக நினைத்துக்கொண்டு கறி போடாமல் கஞ்சி வைத்தேன். தேங்காய்த் துவையலும் மாங்காய் ஊறுகாயும் பக்கத்தில். இரண்டு விரதத்துக்கும் ஒரே பானை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். எட்டு வயது ஜமீலா ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினாள்.

"இது பெரிய வெள்ளிக் கஞ்சி. கோயில்ல குடுக்குறது. உங்களோடது."

எனக்கு முகம் சுட்டது. உண்மையிலேயே பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி ஆராதனை முடிந்து ஊரில் கோயில் வாசலிலும் இங்கே எங்கள் தமிழ்ப் பூசையிலும் ஊற்றுகிற கஞ்சியைத்தான் வைத்திருந்தேன். அவளுடையதை மதிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, என்னுடையதை அவள் கிண்ணத்தில் ஊற்றியிருக்கிறேன். ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்ன அந்தப் பெண்மணியாவது முகத்துக்கு நேராகச் சொன்னார்.

மறுநாளில் இருந்து கறி போட்டுத்தான் வைக்கிறேன். நான் உண்ணாததை நான் சமைக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் உப்புப் பார்க்க ஆளில்லை. எனக்குத் தவக்காலம். அவள் சின்னதில் அரை நாள் நோன்பு, இந்த வருடம் முழு நோன்பு. நாக்கில் வைத்துத் துப்பினால் தப்பில்லை என்று காதர் சொன்னான், ஜமீலா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அத்தாதான் உப்புப் பார்க்கும் அதிகாரி. என் நாக்கு யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு கரண்டியோடு வந்து நிற்பார். ஒரு தடவைக்கு நாலு தடவை பார்ப்பார்.

4

இந்த வருடம் நோன்பு தொடங்கி ஒரு வாரத்தில் ஜமீலா பள்ளியிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அவள் வகுப்பில் துருக்கி, சிரியா வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பருப்பு சூப். கஞ்சி என்றால் யாருக்கும் தெரியவில்லை. உன் அம்மா கழுத்தில் சிலுவை போட்டிருக்கிறாரே, நீ எப்படி என்றும் கேட்டிருக்கிறார்கள். அவள் இப்போதெல்லாம் கோபம் வந்தால் ஜெர்மனில்தான் பேசுவாள். அதில் எனக்கு அவளோடு போட்டி போட முடியாது. அன்று மட்டும் எனக்கு நன்றாகப் புரியட்டும் என்று தமிழில் கேட்டாள்.

"இந்தக் கஞ்சி நிஜமாவே இருக்கா, இல்ல நீங்களே எனக்காகக் கண்டுபிடிச்சதா?"

ஏழு வருடத்தில் அவள் கேட்ட எதுவும் என்னை இப்படி அடித்ததில்லை. அவள் கேட்டதில் தப்பும் இல்லை. இந்த ஊரில் எங்கள் அடுப்பைத் தவிர வேறெங்கும் அவள் அதைப் பார்த்ததில்லை. வீட்டுக்குள் மட்டும் இருப்பதைப் பிள்ளைகள் எத்தனை நாள் நம்புவார்கள்?

அதனால்தான் அப்பாவின் முதலாண்டுக்கு அவளையும் கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன். இங்கே பள்ளி நாளில் பிள்ளையை வெளியே கொண்டுபோவது லேசான சோலி இல்லை. விண்ணப்பம், இறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, அதற்கு ஒரு முத்திரை. இறந்தவர் குழந்தைக்கு இரத்த உறவா என்று ஒரு கட்டம் இருந்தது. தாத்தா என்று எழுதிவிட்டுக் கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டேன். நான்கு நாள் கொடுத்தார்கள். சேவியருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஊரில் உப்புப் பார்க்க யாரை வைத்திருக்கிறாய் என்று விமான நிலையத்தில் கேட்டுச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கஞ்சி நிஜமா என்று பார்க்க இவளைக் கூட்டிப்போகிறேன். அங்கே இவளுக்குக் காட்ட வீட்டில் என்ன இருக்கிறது? ஜெமி என்று அச்சடித்த அட்டை.

5

பெரியகுளத்தில் இருந்து அடுக்கம் வழியாக மலையேறி வீடு சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. அட்டைகள் மாறவில்லை. நூற்றைம்பது அட்டை, நூற்றைம்பது ஜெமி. அண்ணன் மறந்துவிட்டதாகச் சொன்னார். பஜாருக்குப் போய் இரண்டு கறுப்புப் பேனா வாங்கி வந்தேன். நானும் ஜமீலாவும் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்து எழுதினோம். அவளுக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வரும். 'மீ'யின் சுழி ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. அழகாகவே இருந்தது.

சாயங்காலம் அவளைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போனேன். காதர் கடையிலிருந்தே ஒரு தூக்குவாளியைக் கொடுத்து அனுப்பினான். வரிசையில் பர்தா போட்டவர்கள், பொட்டு வைத்தவர்கள், பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், என்னைப் போல் கழுத்தில் சிலுவையோடு இரண்டு பேர். ஜமீலா தூக்குவாளியை இரண்டு கையாலும் நீட்டினாள். அண்டாவிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தவர் பெயர் கேட்டார். சொன்னாள். இரண்டு கரண்டி ஊற்றினார். யார் மகள் என்றோ, எந்த ஊர் என்றோ கேட்கவில்லை. வெளியே வந்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"நம்ம வீட்டு வாசனைம்மா."

எனக்கு அது போதும். ஏழு வருடம் நான் சமைத்தது பொய்யில்லை. ஆனால் அவளுக்கு அது போதவில்லை என்று அடுத்த கேள்வியில் தெரிந்தது. நாளைக்கு நீங்கள் இங்கேயும் வைப்பீர்கள்தானே என்றாள். நாளைதான் முதலாண்டு.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அண்ணனிடம் சொன்னேன். அவர் கெட்டவரில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். அப்பா படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும் தூக்கி உட்கார வைத்தவர் அவர், வீடியோவில் எட்டிப் பார்த்தவள் நான். அந்த உரிமையோடுதான் பேசினார்.

"ஒரே ஒரு நாளு விட்டுக் குடு ஸ்டெல்லா. பங்குச் சாமியார் வராரு, பங்குலருந்து ஆளு வருது. அந்தப் புள்ள நோன்பு தொறக்குறத காதர் வீட்டுல வச்சுக்கட்டும், நானே வெள்ளனே போயி சொல்லிட்டு வாறேன். அப்பா வீட்டுல, தவக்காலத்துல, அவரு நாளுல கறி வேகணுமா?"

எனக்கு ஒன்பது வயதில், அண்ணனுக்குப் பதினான்கில், இதே போல் நோன்பும் தவக்காலமும் ஒன்றாக வந்தன. அந்த வருடம் அப்பா அலுவலகம் விட்டு வரும்போது தினமும் பள்ளிவாசல் கஞ்சி வாங்கி வந்தார். அதை ஞாபகப்படுத்தினேன். அப்பா கறியை எடுத்துவிட்டுத்தானே கொடுத்தார் என்றார் அண்ணன்.

"ஆமா. எடுத்து யாருக்குக் குடுத்தாரு? வளர்ற பயன்னு உங்களுக்குத்தானண்ணே குடுத்தாரு."

அண்ணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அண்ணன் சிரிக்கவில்லை. அது வேறு, இது வேறு என்றார். வாங்கி வந்து குடிப்பது வேறு, வீட்டில் உலை வைப்பது வேறு என்றார். அதில் அவர் சொல்வது சரிதான், வேறுதான். அந்த வேறு எனக்கு வேண்டியிருந்தது. ஹனோவரில் ஒவ்வொரு படிவத்திலும் 'வீட்டில்' என்ன செய்கிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். இது என் வீடு இல்லையா?

"அவளுக்கும் இது தாத்தா வீடுண்ணே. அவ கஞ்சி இங்கதான் வேகும். வேண்டாம்னா சொல்லுங்க, அப்பா பூசைக்கு நாங்க ரெண்டு பேரும் கோயில்ல பின் பெஞ்சுல உக்காந்து பாத்துட்டு அப்பிடியே ஊருக்குப் போயிர்றோம்."

அண்ணன் போய்ப் படுத்துவிட்டார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

6

மறுநாள் காலை பூசை. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் ஜெபம். நான்கரைக்கு நான் அடுப்படிக்குள் போனேன். காதர் கொத்துக்கறியைப் பின்வாசலில் கொடுத்துவிட்டு, வம்பு வேண்டாமே என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். வம்பில்லை, கஞ்சிதான் என்றேன். "அப்போ வெரசா வையி, பருப்பு வேக நேரமாகும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அண்ணி சாம்பார்ப் பானையை ஓர் ஓரமாக நகர்த்தி எனக்குப் பெரிய அடுப்பை விட்டுக்கொடுத்தார்.

பூண்டும் பட்டையும் கறியும் சேர்ந்த வாசனை முன்னறைக்குப் போனது எனக்குத் தெரியும். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் அடுப்படிப் பக்கம் திரும்பினார்கள். பிறகு யாரோ இருமினார்கள். நான் அடுப்படிக் கதவைச் சாத்தவில்லை.

ஜெபத்தில் சாமியார் அட்டையைப் பார்த்துக் குடும்பத்தார் பெயர்களை வாசித்தார். மூன்றாவது பேரப்பிள்ளையிடம் வந்ததும் கண்ணாடியைச் சரிசெய்து, எங்கள் கையெழுத்தைக் கூர்ந்து பார்த்து, "ஜமீலா" என்றார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜமீலா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஜெபம் முடிந்தபோது நோன்பு திறக்கப் பத்து நிமிடம் இருந்தது. தேங்காய்ப்பால் ஊற்றி இறக்க வேண்டும், உப்புப் பார்க்கவில்லை. சேவியர் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பேருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். மகள் நோன்பு. காதர் நோன்பு. முன்னறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தவக்காலம். உப்பில்லாத கஞ்சியைக் கொடுத்தால் அவள் ஒன்றும் சொல்லாமல் குடிப்பாள். அத்தனை பேர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்க மாட்டாள். அப்படி அவள் குடிப்பதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணன் அடுப்படி வாசலில் வந்து நின்றார். சாம்பாரை எடுக்க வந்தாரோ, என்னைப் பார்க்க வந்தாரோ, தெரியவில்லை. அவருக்குப் பின்னால் சுவரில் மாலை போட்ட அப்பா. அப்பாவுக்கு நான் கொடுத்த வாக்கு அண்ணனுக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேலாக, மருத்துவமனை இரவுப் பணியில் மயக்கம் வந்த நாளில் கூட நான் அதை மீறியதில்லை.

கரண்டியில் கஞ்சியை எடுத்து, ஊதி, கறியோடு வாயில் போட்டு மென்று விழுங்கினேன்.

உப்புக் குறைவு. ஒரு கை அள்ளிப் போட்டுக் கிண்டினேன். மறுபடியும் எடுத்துக் குடித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு சாம்பாரை எடுக்காமலே போய்விட்டார்.

பஜாரில் பாங்கு சொன்னார்கள். முன்னறை மேசையில், அப்பா எப்போதும் உட்கார்ந்த இடத்தில் ஜமீலாவை உட்கார வைத்தேன். தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு, பேரீச்சம்பழம் தின்று, தண்ணீர் குடித்து, கஞ்சியை ஒரு வாய் எடுத்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அத்தா இல்லையே. உப்பு யாரும்மா பாத்தா?"

எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"நான்தான் பாத்தேன். குடி."